தலைக்கு மேலே போகும் கரண்ட்

நெடுந்தீவு என்ற பெயரை நாம் அடிக்கடி பேப்பரில் படிக்கிறோம். ‘நெடுந்தீவு அருகே ராமேஸ்வரம் மீனவர்கள் கைது. படகுகள் பறிமுதல்.’ அதோடு சரி. அந்தத் தீவிலும் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள், பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டிலும் விளக்குப் போட்டாக வேண்டும் என்பதெல்லாம் நமக்குச் செய்தியே இல்லை.

அந்த விளக்கு செய்தியானது ஒரே ஒரு சமயத்தில்தான். அதை யார் போடுவது என்று சீனாவும் இந்தியாவும் முறைத்துக்கொண்டபோது.

இதை நான் எழுதுவது கடலே இல்லாத வேப்பனப்பள்ளியிலிருந்து. வடக்கே போனால் கர்நாடகா, கிழக்கே போனால் ஆந்திரா. எந்தப் பக்கம் போனாலும் மாந்தோப்பு. இங்கே உட்கார்ந்துகொண்டு பாக் ஜலசந்தியைப் பற்றிப் பேச உனக்கு என்னய்யா வந்தது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒரு தீவில் உண்டாகும் கரண்ட் யார் வீட்டுக்குப் போகும், யார் வீட்டுக்குப் போகாது என்பதை இந்த எல்லைப் பக்கம் 1902-லேயே பார்த்துவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நெடுந்தீவு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றும் யாழ்ப்பாணத்தை ஒட்டிய கடலில் இருக்கின்றன. மூன்றுக்கும் படகில்தான் போக வேண்டும். நாட்டின் மற்ற பகுதிக்குப் போகும் பெரிய மின்கம்பி இந்தத் தீவுகளை எட்டவில்லை. அதனால் இலங்கை மின்சார சபை அங்கே டீசல் ஜெனரேட்டர் வைத்துக் கரண்ட் கொடுத்து வந்தது.

டீசல் கரண்ட் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் மண்டபத்தில் இரண்டு மணி நேரம்; தீவில் வருஷம் முழுக்க. டீசல் படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக்கும் உதிரி பாகமும் அதே படகில்தான் வர வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. நள்ளிரவில் ஊர் தூங்கும்போது கரண்ட் தேவை குறைந்துவிடும். ஆனால் ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும். சுமை குறைவாக ஓடும் ஜெனரேட்டர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதலாக டீசல் குடிக்கும். ஆக, ஊருக்குத் தேவை குறைந்த நேரத்தில்தான் யூனிட் விலை கூடும்!

இதற்கு மாற்று ஒன்றும் சந்திர மண்டல விஞ்ஞானம் இல்லை. பகலில் சூரியன். பொழுது சாய்ந்து ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் சூரியன் டியூட்டி முடித்துக் கிளம்பிவிடும். அப்போது காற்றாலையும், பகலில் நிரப்பி வைத்த பேட்டரியும் கை கொடுக்கும். காற்றும் இல்லை, மேகமும் மூடிக்கொண்டது என்றால் மட்டும் டீசல். இதைக் ‘கலப்பு மின் திட்டம்’ என்கிறார்கள். நம் வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று தீவுக்கும் அந்த மாதிரி ஒரு திட்டம் தயாரானது. ஆசிய வளர்ச்சி வங்கியின் பணம். டெண்டர் விட்டார்கள். 2021 ஜனவரியில் ‘சினோசோர் – ஈடெக்வின்’ என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

டெல்லிக்குத் தூக்கம் போய்விட்டது. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் சீனாக்காரன் வந்து பேனல் மாட்டுவதா? ஆட்சேபம் போனது. அப்புறம் வேலை நகரவில்லை. 2021 டிசம்பர் தொடக்கத்தில், ‘மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை’ காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டது என்று கொழும்பில் இருக்கும் சீனத் தூதரகம் அறிவித்தது. அதே மூச்சில், அந்தக் கம்பெனி மாலத்தீவில் 12 தீவுகளில் சூரிய மின்நிலையம் அமைக்க ஒப்பந்தம் போட்டுவிட்டது என்று ஒரு குத்தல் வேறு. அந்த மாதமே சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு நல்லூர் கந்தசாமி கோயிலுக்குப் போனார். படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. கரண்ட் வரவில்லை.

2022 மார்ச்சில் நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு போனார். அதே திட்டத்தை இந்தியா செய்து தரும் என்று புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மாதக் கடைசியில் இலங்கையின் நிலைமை ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. டீசல் வாங்க டாலர் இல்லை. கொழும்பே இருண்டு கிடந்தது. டீசலை மட்டுமே நம்பியிருக்கும் தீவுக்கு மாற்று அவசரம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? ஆனாலும் வேலையைச் செய்யும் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது எப்போது தெரியுமா? 2024 மார்ச் 1. கம்பெனி யு-சோலார், நம்ம பெங்களூர்க் கம்பெனிதான். இந்தியா தருவது 1.1 கோடி டாலர், கடனாக அல்ல, மானியமாக.

நல்லது. மானியத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும் எண்களைக் கொஞ்சம் பாருங்கள். சூரிய சக்தி 1700 கிலோவாட். காற்று 530 கிலோவாட். பேட்டரி 2400 கிலோவாட் மணி. ஆபத்துக்கு உதவ 2500 கிலோவாட் டீசல். சூரியனையும் காற்றையும் கூட்டினால் 2230 கிலோவாட். மூன்று தீவுக்கும் சேர்த்து!

இந்த 2230 கிலோவாட்டுக்காகத்தான் இரண்டு வல்லரசுகள் மூன்று வருஷத்துக்கு மேல் கயிறு இழுத்தன. கயிற்றின் நடுவில் கட்டியிருந்த முடிச்சு நெடுந்தீவு. முடிச்சை யாராவது கேட்டார்களா, உனக்கு வலிக்கிறதா என்று?

‘பாதுகாப்பு முக்கியம் சார்’ என்பீர்கள். முக்கியம்தான். பக்கத்துக் கடலில் யார் நடமாடுகிறார்கள் என்று இந்தியா கவலைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் என் பாதுகாப்புக்காக அடுத்தவன் வீட்டு வேலையை நிறுத்துகிறேன் என்றால், நிறுத்துகிற அன்றைக்கே மாற்று வேலையை ஆரம்பிக்க வேண்டும். நிறுத்துவதற்குக் காட்டிய வேகத்தில் பாதியையாவது கொடுப்பதில் காட்டியிருக்க வேண்டும். நம் கவலைக்கான செலவை நெடுந்தீவுக்காரன் தலையில் எழுதியது என்ன நியாயம்?

*

இப்போது அதே கடலில் இன்னொரு தீவுக்குப் போகலாம். மன்னார். தனுஷ்கோடிக்கு எதிர்க்கரை.

இங்கே கதை தலைகீழ். மன்னாருக்குக் கரண்ட் கொடுப்பது பிரச்னை இல்லை. மன்னாரிடமிருந்து எடுப்பதுதான் பிரச்னை. இலங்கையில் காற்று நன்றாக வீசும் இடங்களில் ஒன்று மன்னார். 2020 டிசம்பரில் அங்கே ‘தம்பபவனி’ காற்றாலைப் பண்ணையைத் திறந்தார்கள். 30 காற்றாலைகள். மொத்தம் 103.5 மெகாவாட். ஒவ்வொன்றும் 3450 கிலோவாட்.

மறுபடி படியுங்கள். மன்னாரில் நிற்கும் ஒரே ஒரு காற்றாலையின் திறன் 3450 கிலோவாட். மூன்று தீவுகளுக்கான மொத்தச் சூரியனும் காற்றும் 2230 கிலோவாட். நாட்டுக்குக் கொடுக்கிற தீவில் முப்பதும் ஒரே மூச்சில் எழும்பி நின்றன. தனக்குக் கேட்கிற தீவுகளுக்கு, ஒன்றை விடக் குறைவானதைத் தர இழுபறி.

அதோடு முடியவில்லை. அதே மன்னாரிலும் பக்கத்தில் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்றாலை போட அதானி நிறுவனம் வந்தது. டெண்டர் இல்லை. 2022 ஜூனில் இலங்கை மின்சார சபையின் தலைவர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால், இந்தத் திட்டத்தை அதானிக்குத் தரும்படி இந்தியப் பிரதமர் அழுத்தம் கொடுப்பதாக அதிபர் கோத்தபய தன்னிடம் சொன்னார் என்றார். அதிபர் மறுத்தார். தலைவர், சொன்னதை வாபஸ் வாங்கினார். பிறகு பதவியை விட்டும் போனார். யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்று பேசிய விலை அதிகம் என்று புதிய அதிபர் அநுரவின் அரசு குறைக்கச் சொன்னது. 2025 பிப்ரவரியில் அதானி விலகிக்கொண்டார்.

அப்பாடா என்று மன்னார் மூச்சு விட்டதா? இல்லை. வேறு கம்பெனிகளின் காற்றாலைகள் வந்தன. 2025 ஆகஸ்டில் மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள். மழைத் தண்ணீர் வடிய வழி இல்லை, மீன் குறைகிறது, வலசை வரும் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது என்பது அவர்களுடைய புகார். அதிபர் வேலையை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்.

‘காற்று அங்கேதானே அடிக்கிறது, வேப்பனப்பள்ளியிலா காற்றாலை போட முடியும்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் காற்றாலைக்கு எதிரி இல்லை. டீசலையும் நிலக்கரியையும் எரித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் காற்று மன்னாருடையது, நிலம் மன்னாருடையது, தேங்கும் தண்ணீரும் மன்னாருடையது, கரண்ட் மட்டும் நாட்டினுடையது என்றால் அந்தக் கணக்கு டேலி ஆகாது. எடுக்கிறவன் பங்கு சொல்லவும் வேண்டும், முன்கூட்டிக் கேட்கவும் வேண்டும்.

*

இனி எங்கள் பக்கத்துக் கதை.

தீவு என்றால் கடலில்தான் இருக்க வேண்டுமா? காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு நிலத்தைச் சுற்றிக்கொண்டு, ககனசுக்கி, பரசுக்கி என்று இரண்டு அருவிகளாக விழும் இடம் சிவசமுத்திரம். ஆற்றுத் தீவு. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் அங்கே நீர்மின் நிலையம் கட்டத் தீர்மானித்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இயந்திரங்கள் கப்பலில் வந்தன. யானைகளையும் கட்டி இழுத்து இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 1902 ஜூன் 30 அன்று கரண்ட் ஓடியது.

எங்கே ஓடியது? பக்கத்து ஊருக்கா? மைசூருக்கா? இல்லை. 92 மைல் தாண்டி கோலார் தங்கவயலுக்கு. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்தொடர்களில் அது ஒன்று. தங்கவயல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கே கல்லை இடித்துத் தங்கம் எடுக்கும் இயந்திரங்களுக்குத்தான் அந்தக் கரண்ட். பெங்களூருக்கே 1905-ல்தான் விளக்கு எரிந்தது. வழியில் இருந்த கிராமங்கள்? அவற்றுக்குத் தலைக்கு மேலே கம்பி, வீட்டுக்குள்ளே சிமினி விளக்கு.

முதல் கட்டத்தில் சிவசமுத்திரத்தின் திறன் 4000 கிலோவாட்டுக்குச் சற்று மேல். அதாவது, தங்கம் அரைக்க 1902-ல் ஒரு தீவு கொடுத்தது, 2024-ல் மூன்று தீவுகளில் மனிதர்கள் வாழ்வதற்குச் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒதுக்கியதைவிட அதிகம்!

கதை இன்னும் இருக்கிறது. கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் சிவசமுத்திரத்தில் உற்பத்தி படுக்கும். சுரங்கக் கம்பெனிக்குத் தடையில்லாத கரண்ட் வேண்டும். அதற்குத் தண்ணீரைத் தேக்கிவைக்க வேண்டும். 1911-ல் கண்ணம்பாடியில் அணை கட்ட ஆரம்பித்ததற்குச் சொன்ன முக்கியமான காரணங்களில் தங்கவயலின் மின்சாரமும் ஒன்று. அதுதான் கிருஷ்ணராஜசாகர். அந்த அணையை ஒட்டி வளர்ந்த தகராறும், 1924 ஒப்பந்தமும், அதற்கப்புறம் நூறு வருஷமாக நாம் போடும் காவிரிச் சண்டையும் உங்களுக்குத் தெரியும். ஒரு தீவின் கரண்ட் யாருக்கு என்று அன்றைக்கு எடுத்த முடிவு தஞ்சாவூர் வயல் வரைக்கும் வந்து நின்றது.

சரி, கரண்ட் வாங்கிய தங்கவயல் என்ன ஆனது? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியது சயனைடு கலந்த மண்மேடும், வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து அங்கே குழிக்குள் இறங்கப் போன தமிழர்களின் பேரன் பேத்திகளும். அவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போகிற மாதிரி.

இதைப் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் 2018, 2019-ல் விவசாயிகள் உயர் மின்கோபுரங்களை எதிர்த்துப் போராடினார்களே, ஏன்? நிலத்தை விலைக்கு வாங்காமலே நடுவயலில் கோபுரம் நட முடிந்தது. எந்த அதிகாரத்தில்? 2003 மின்சாரச் சட்டத்தின் வழியாக, 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தில். வெள்ளைக்காரன் தந்திக் கம்பத்துக்குப் போட்ட சட்டம்! 2015-ல் மத்திய மின் அமைச்சகம் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 15 சதவீதம் வரை இழப்பீடு என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. கம்பிக்குக் கீழே இருப்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள 1885-லிருந்து எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதையும் யாரும் தானமாகத் தரவில்லை. நடுவயலில் உட்கார்ந்து கேட்டதால் கிடைத்தது.

*

‘நாலு பேர் இருக்கிற தீவுக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்து கரண்ட் கொடுப்பது நஷ்டம்’ என்று ஒரு கட்சி எப்போதும் உண்டு. இவர்களுக்குக் கணக்கு மொழியிலேயே பதில் சொல்லலாம்.

லட்சத்தீவிலும் அந்தமானிலும் பெரும்பாலும் டீசல் கரண்ட்தான். தீவுக்காரர் கட்டும் பில் டீசல் செலவுக்கே போதாது. மீதியை மத்திய அரசு ஏற்கிறது. யாராவது அதை நிறுத்தச் சொன்னோமா? சொல்ல மாட்டோம். சொல்லவும் கூடாது. தூரத்தில் பிறந்தது குற்றம் இல்லை. நம் நெய்வேலி என்.எல்.சி. அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் 8 மெகாவாட் மணி பேட்டரியும் அமைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் லட்சத்தீவின் கவரத்தியில் பேட்டரியோடு கூடிய சூரிய மின்நிலையத்தைத் திறந்தார்கள். தர்மத்துக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வருஷமும் டீசலுக்குக் கொட்டும் பணத்தை, ஒரு தடவை பேனலிலும் பேட்டரியிலும் போட்டால் மிச்சம் என்பதால் செய்கிறார்கள். டீசல் அன்றாடச் செலவு, எரித்தால் புகை. பேனல் முதலீடு. இந்த வித்தியாசம் தெரியாதவர்தான் தீவுக்கு விளக்குப் போடுவதை நஷ்டம் என்பார்.

ஆனால் இந்த முதலீட்டில் ஒரு ஓட்டை உண்டு. பி.காம். முதல் வருஷத்தில் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம் வரும். மெஷின் வாங்கிய அன்றைக்கே, அது கிழடாகும் நாளுக்காகப் பணம் எடுத்துவைக்க ஆரம்பிக்க வேண்டும் என்பதுதான் சாரம். பேட்டரி பத்துப் பதினைந்து வருஷம்தான் தாங்கும். இன்வெர்ட்டர் அதற்கு முன்னாலேயே போகலாம். உப்புக்காற்றில் நட்டு, போல்ட் எல்லாம் துருப்பிடிக்கும். மானியத்தில் திறப்பு விழா நடக்கும், ரிப்பன் வெட்டுவார்கள், கல்வெட்டு வைப்பார்கள். பேட்டரி சாகும் வருஷத்தில் யார் வருவார்? சீனத் தூதரா, இந்தியத் தூதரா? யாரும் வராவிட்டால், ஓரமாக நிற்கும் அந்த 2500 கிலோவாட் டீசல் மறுபடி நடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். பேனல் மேல் காக்கா உட்காரும்.

அதனால் நான் கேட்பது நாலே நாலு.

ஒன்று: தீவுத் திட்டத்துக்கு மானியம் தரும் அரசு, அது இந்தியாவோ சீனாவோ, பேட்டரி மாற்றும் செலவுக்கும் ஒரு நிதியை முதல் நாளே தனியாக ஒதுக்கிக் கணக்குக் காட்ட வேண்டும். ஒதுக்காத திட்டம் பாதித் திட்டம்.

இரண்டு: அந்த நிலையத்தை ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் தீவுப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து வேலை கொடுக்க வேண்டும். ஒரு ஃப்யூஸ் போனால் படகுக்குக் காத்திருக்கக் கூடாது.

மூன்று: தீவிலிருந்து கரண்ட் எடுக்கிற திட்டத்துக்குத் தீவு மக்களின் சம்மதம் வேண்டும். வருமானத்தில் அந்த ஊருக்கென்று எழுதிவைத்த ஒரு பங்கும் வேண்டும். மன்னாருக்கும் அதுதான், நாளை நம் ராமேஸ்வரம் தீவில் ஏதாவது வந்தாலும் அதுதான்.

நான்கு: பாதுகாப்பு என்று சொல்லி ஒரு திட்டத்தை நிறுத்தும் நாடு, மாற்றுத் திட்டத்துக்குத் தேதி சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

இதில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. 1902-லேயே 92 மைல் கம்பி இழுக்க முடிந்தது. லண்டன் கம்பெனிக்குத் தங்கம் வேண்டும் என்றதும் காடு, மேடு, யானை, கப்பல் எதுவுமே தடையாக இல்லை. நெடுந்தீவுக்காரன் கேட்பது தங்கம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளை படிக்க ஒரு விளக்கு, பிடித்த மீனை வைக்க ஒரு ஐஸ் பெட்டி. அதற்கு மட்டும் மூன்று வருஷம் யோசிக்கிறார்கள்.

அடுத்த முறை பேப்பரில் ‘நெடுந்தீவு அருகே’ என்று ஆரம்பிக்கும் செய்தியைப் படித்தால், கைதான நம் மீனவனுக்காகக் கோபப்படுங்கள். நானும் படுகிறேன். அதோடு, நம் வரிப்பணத்தில் அந்தத் தீவுக்கு ஒப்புக்கொண்ட 1700 கிலோவாட் சூரியனும் 530 கிலோவாட் காற்றும் என்ன ஆயின என்று உங்கள் எம்.பி.யிடம் ஒரு வரி கேளுங்கள். கொடுத்தது நம் பணம். கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு.